மணிக்கட்டில் ஒரு துடிப்பு, மடியில் ஒரு நாதம்

விலை குறைந்த கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்களையும், விலை குறைந்த மின்சாரக் கிட்டார்களை வாங்கிப் பிரித்து, திருத்தி, மறுபடியும் பூட்டி வாசித்து மகிழ்பவர்களையும் இன்று ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் காணலாம். ஆனால் இவ்விரண்டு ஆசைகளும் பல சமயங்களில் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்து குடியிருக்கின்றன என்பதைக் கவனித்தவர்கள் சிலரே. காலத்தை அளப்பதற்கென்று ஏற்பட்ட கருவிக்கும் கானத்தை எழுப்புவதற்கென்று ஏற்பட்ட கருவிக்கும் என்ன சம்பந்தம் இருக்கக்கூடும் என்று கேட்கத் தோன்றுவது இயற்கையே. இரண்டிலும் நெடுநாளாகப் பற்று வைத்திருப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடிய பதில் இது: இரண்டும் ஒரே பௌதிகத் தத்துவத்தின் இரு வேறு பிரயோகங்கள், அந்தத் தத்துவம் லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் பொருளில் எவ்வளவு உண்மையாக வேலை செய்கிறதோ, அவ்வளவு உண்மையாகவே சாமானியனின் சம்பளத்துக்குள் அடங்கும் பொருளிலும் வேலை செய்கிறது. ஆகவே மலிவான பொருளை நேசிப்பவனைத் தன் வருமானத்தோடு சமாதானம் செய்துகொண்டவன் என்று கருதுவது சரியன்று. நூற்றாண்டுக் கணக்கான விஞ்ஞான உழைப்பு எங்கே வந்து கனிந்திருக்கிறதோ, அந்த இடத்தை அவன் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறான்.

அந்தத் தத்துவம் அதிர்வு. மீள்திறன் உள்ள எந்தப் பொருளையும் அதன் நிலையிலிருந்து சிறிது விலக்கினால், விலகிய தூரத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஒரு விசை தோன்றி அதைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது. இழுபட்டு வரும் பொருள் அவ்விடத்திலேயே நின்றுவிடாமல், தான் பெற்ற வேகத்தினால் அதைக் கடந்து மறுபக்கம் சென்று, அங்கிருந்து மறுபடியும் இழுக்கப்படுகிறது. குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறவர்கள், மெல்லத் தள்ளினாலும் சற்று வலுவாகத் தள்ளினாலும் ஊஞ்சல் போய்வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கையினாலேயே அறிவார்கள். வீச்சு கூடினாலும் குறைந்தாலும் ஒரு முழு அதிர்வுக்கு ஆகும் நேரம் மாறாதிருக்கும் இந்தக் குணத்தினால்தான் கடிகாரம் என்ற சாதனமே சாத்தியமாயிற்று. ஓங்கி மீட்டிய தந்தி ஓய்ந்து அடங்கும் வரையில் ஒரே ஸ்வரத்தில் நின்று ஒலிப்பதும் இதே குணத்தினால்தான். இழுக்கும் விசையும் இழுபடும் பொருளின் நிறையும் சேர்ந்து அந்த நேரத்தை நிர்ணயிக்கின்றன: விசை மிகுந்தால் துடிப்பு விரையும், நிறை மிகுந்தால் தாமதிக்கும். கிட்டாரில் முறுக்காணியைத் திருகித் தந்தியின் இழுவிசையைக் கூட்டுவதும், மந்திர ஸ்தாயித் தந்திகளுக்கு மேலே மற்றொரு கம்பியைச் சுற்றி அவற்றின் நிறையைப் பெருக்குவதும், கடிகாரத்தில் ஹேர் ஸ்பிரிங் என்னும் மெல்லிய சுருள்வில்லின் நீளத்தைச் சிறிது குறைப்பதும் கூட்டுவதும் எல்லாம் இந்த ஒரே கணக்குக்குள் அடங்குபவை.

இவ்விரு கருவிகளின் உறவு பௌதிகத்தோடு நின்றுவிடாமல் சரித்திரத்திலும் தொடர்ந்து வருவது எனக்கு எப்பொழுதும் மிகுந்த சந்தோஷத்தைத் தரும் விஷயம். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வின்சென்சோ கலிலி என்று ஒரு லூட் வித்துவான் இருந்தார். லூட் என்பது கிட்டாருக்கு நெருங்கிய உறவுடைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம். 1581-இல் பிளாரன்ஸ் நகரத்தில் அவர் வெளியிட்ட சங்கீத நூலில், வாத்தியத்தின் கழுத்தில் மெட்டுகளை எந்தெந்த இடத்தில் அமைப்பது என்பதற்குச் சுலபமான ஒரு விதியைக் கூறினார்: ஒவ்வொரு மெட்டிலிருந்தும் மீதமிருக்கும் தந்தியின் நீளத்தை 18 பாகமாக்கி, ஒரு பாகம் தள்ளி அடுத்த மெட்டை வைக்க வேண்டும் என்பதே அது. பின்னர் அவர் தந்திகளில் எடைகளைத் தொங்கவிட்டுப் பரீட்சித்து, ஸ்வரம் ஒரு ஸ்தாயி உயர்வதற்கு எடையை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும் என்று கண்டறிந்து, பைதாகரஸின் பெயரால் நெடுங்காலமாக ஒருவரும் சோதித்துப் பாராமல் ஒப்புக்கொண்டு வந்த ஒரு நம்பிக்கையை வீழ்த்தினார். அவருடைய மூத்த பிள்ளைதான் கலிலியோ. நூல்களில் எழுதியிருப்பதைத் தந்தியிடமே கேட்டுச் சரிபார்த்த தகப்பனாருக்குப் பிறந்த அந்த மகன், 1602-இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஊசல் ஆடும் நேரம் அதன் வீச்சைப் பொறுத்ததன்று என்று வாதாடினார்.

கலிலியோவின் அந்தக் கருத்தை ஓடும் கடிகாரமாக ஆக்கியவர் ஹாலந்து தேசத்தவரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அவருடைய தகப்பனார் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸும் ராஜதந்திரி, கவிஞர் என்ற பெருமைகளோடு லூட் வாசிப்பதில் தேர்ந்தவர். மகனும் சங்கீத கணிதத்தில் ஈடுபட்டு, ஸ்தாயியை 31 சம பாகங்களாகப் பிரிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1656-இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். ஆனால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கும் மனிதனோடு ஊசல் நடக்க முடியாது. பூமியின் ஈர்ப்பை நம்பியிராத வேறொரு மீள்விசை வேண்டியிருந்தது. 1675-இல் அவர் ஒரு சிறு சக்கரத்தின் அச்சில் மெல்லிய சுருள்வில்லைப் பொருத்தி, அதன் மீள்விசையினாலேயே சக்கரம் இப்புறமும் அப்புறமும் சுழன்று திரும்பும்படி செய்தார். நம்பத்தக்க சட்டைப்பைக் கடிகாரமும், அதன் வாரிசான கைக்கடிகாரமும் அன்றே உண்மையில் பிறந்துவிட்டன. லூட் வாசித்த இரண்டு தகப்பன்மார்களின் இரண்டு பிள்ளைகள் கடிகாரத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள் என்பதை நினைக்கும்போது, தந்தியின் நாதத்தைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கே ஒழுங்கான துடிப்பின் ரகசியம் முதலில் புலப்பட்டது என்று நான் நம்ப விரும்புகிறேன்.

ஹைகன்ஸின் சுருள்வில்லை நம் கையிலேயே வைத்துப் பார்க்கப் பெரும் செல்வம் தேவையில்லை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த 'ஜனதா' என்ற சாவி கொடுக்கும் கடிகாரம் இந்த நாட்டின் எத்தனையோ ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், புதுமாப்பிள்ளைகள் ஆகியோரின் மணிக்கட்டில் இருந்திருக்கிறது. 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூடிவிட அரசாங்கம் தீர்மானித்துவிட்ட போதிலும், பழைய ஜனதாக்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தால், 17 செயற்கை மாணிக்கக் கற்கள் பதித்த இயந்திரத்தின் ஓர் ஓரத்தில் பாலன்ஸ் சக்கரம் ஓயாமல் திரும்பித் திரும்பிச் சுழல்வதும், அதன் மேல் தலைமயிரினும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் சுருங்கி விரிவதும் தெரியும். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. பாலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தின் மேல் ஒரு சிறு நெம்பு இருக்கிறது; அதை மயிரிழை அளவு நகர்த்தினால் ஸ்பிரிங்கின் அதிரும் நீளம் மாறி, கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நிமிஷம் வரையில் முந்தவோ பிந்தவோ செய்யும். அந்த நெம்பின் முனையை ஊசியால் தொட்டுத் தள்ளிவிட்டு, மறுநாள் காலையில் வானொலி மணியோசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஓர் ஆனந்தம் உண்டு. அதை அநுபவித்தவர்கள் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள்.

இயந்திரக் கடிகாரத்தின் இந்த அழகை முழுமனத்தோடு ஒப்புக்கொண்டாலும், மலிவுக்கு உண்மையான மகத்துவத்தைத் தேடித் தந்தது குவார்ட்ஸ் என்ற படிகக்கல்தான் என்று சொல்ல வேண்டும். 1880-இல் பாரிஸில் பியேர் கியூரி, ழாக் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அவை நெளியும் என்ற எதிர் விளைவும் வெகு விரைவிலேயே நிரூபணமாயிற்று. நெளியவும் மீளவும் வல்ல எந்தப் பொருளுக்கும் இயற்கையான ஓர் அதிர்வெண் உண்டல்லவா? 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் இந்தக் குணத்தைக் கொண்டு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தபோது, அது ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமே உரிய பெரும் சாதனமாக இருந்தது. அது மணிக்கட்டுக்கு வந்து சேர 42 ஆண்டுகள் ஆயின: 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் செய்கோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்' என்ற தங்க உறையிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலைக்கு விற்பனைக்கு வைத்தது. அக்காலத்து ஜப்பானில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய மோட்டார் கார் வாங்கலாம்.

ஆஸ்ட்ரானின் படிகம் விநாடிக்கு 8,192 தடவை அதிர்ந்தது. இன்று தெருவோரத்தில் விற்கும் கடிகாரத்திலுள்ள படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண் என்றால், இரண்டை 15 தடவை அடுத்தடுத்துப் பெருக்கினால் கிடைப்பது இதுவே. ஆகவே அதிர்வை ஒவ்வொரு படியிலும் பாதியாக்கும் எளிய மின்சுற்றுகள் 15-ஐ வரிசையாக இணைத்தால், கடைசியில் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு மிஞ்சுகிறது. அந்தப் படிகத்தின் வடிவமோ, பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நாம் ரப்பர் கட்டையில் தட்டிக் காதில் வைத்துக் கேட்ட இசைக்கவையின் வடிவமேதான். நீளம் சில மில்லிமீட்டர், காற்று நீக்கிய ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் ஆகையால், நம் மணிக்கட்டில் இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த ஸ்வரம் நமக்குக் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட நுட்பமான பொருள் எவ்வாறு இவ்வளவு மலிவாயிற்று என்பதுதான் இந்தக் கதையில் நான் மிகவும் வியக்கும் பகுதி. முதலாவதாக, பிரேஸில் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்துகொண்டிருந்த இயற்கைப் படிகத்துக்குப் பதிலாக, தடித்த எஃகுக் கலன்களுக்குள் 300 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் வாயுமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கு அளவிலான அழுத்தத்திலும் மாசற்ற படிகத்தை வளர்த்தெடுக்கும் முறை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கைவந்தது. அடுத்து, டிரான்சிஸ்டர் சில்லுகளைப் புகைப்பட முறையில் அச்சிடும் அதே வித்தையைக் கொண்டு, ஒரே படிகத் தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கவைகளை ஒருங்கே அரித்தெடுத்தார்கள். கவையின் நுனிகளில் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. லேசர் கதிர் அதில் ஓர் அணுவளவு பூச்சை ஆவியாக்கினால் நிறை குறைந்து அதிர்வெண் சிறிது உயரும், வேண்டிய எண் வந்ததும் கதிர் தானே நின்றுவிடும். ஜனதாவின் நெம்பை ஊசியால் நகர்த்திய கையின் வேலையை இங்கே ஒளியே செய்துவிடுகிறது. 1989-இல் வெளிவந்து இன்றளவும் விற்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற 21 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் கடிகாரம் மாதத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாது என்று அதைச் செய்தவர்கள் உறுதி கூறுகிறார்கள். தானே சாவி ஏறும் செய்கோ 5 போன்ற நல்ல இயந்திரக் கடிகாரமோ ஒரே நாளில் அந்த அளவு பிசகலாம். பிசகினாலும் அது பழுது என்று கொள்ளப்படுவதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரான பங்கு உண்டு. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகச் சேர்ந்து 1984-இல் டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தோற்றுவித்து, ஓசூரில் தொழிற்சாலை அமைத்தபோது, நாட்டில் பெரும்பாலும் சாவி கொடுக்கும் கடிகாரங்களே புழங்கின. வருங்காலம் குவார்ட்ஸுக்கே என்று துணிந்து அந்த வழியில் சென்றது அவர்களுடைய தீர்க்கதரிசனம். பிற்பாடு நம் ஊர்ச் சாமானியனின் கைக்கு வந்த சொனாட்டா என்ற டைட்டன் கடிகாரம் அந்தத் துணிவின் பலன்.

சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கும் குவார்ட்ஸுக்கும் இடையில் தோன்றி மறைந்த ஒரு கடிகாரம் இருக்கிறது. கிட்டார்ப் பிரியர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது அது. 1960-இல் பூலோவா கம்பெனி வெளியிட்ட 'அக்யூட்ரான்' என்ற கடிகாரத்தில் மாக்ஸ் ஹெட்ஸல் என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் பாலன்ஸ் சக்கரத்தையே நீக்கிவிட்டு, விநாடிக்கு 360 தடவை அதிரும் உலோக இசைக்கவை ஒன்றைப் பொருத்தினார். கவையின் இரு நுனிகளிலும் சிறு காந்தங்கள். அவற்றை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள்கள். நுனி அதிரும்போது சுருளில் தோன்றும் மின்னழுத்தத்தை உணர்ந்து, டிரான்சிஸ்டர் தக்க தருணத்தில் மின்சாரத்தை அனுப்பி அதிர்வு ஓயாமல் காத்தது. அந்தக் கடிகாரம் 'டிக் டிக்' என்று அடிக்காது. காதருகில் வைத்தால் மெல்ல ரீங்காரமிடும். கிட்டாரின் மிக மெல்லிய தந்தியை வெறுமனே மீட்டினால் ஏறக்குறைய 330 ஹெர்ட்ஸ், முதல் மெட்டில் அழுத்தினால் 349, இரண்டாம் மெட்டில் 370. அக்யூட்ரானின் ஸ்வரம் இவ்விரண்டு மெட்டுகளுக்கும் நடுவில் வந்து அமர்கிறது. காந்தம், கம்பிச்சுருள், அதிரும் உலோகம் என்ற அந்த மூன்றையும் அப்படியே எடுத்துத் தந்திகளின் கீழே வைத்துவிட்டால், அது மின்சாரக் கிட்டாரின் பிக்கப் ஆகிவிடும்.

மின்சாரக் கிட்டார் அக்யூட்ரானுக்கு மூத்தது. 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் போசாம் என்ற வாத்தியக்காரர், நடனக் குழுக்களின் எக்காளங்களுக்கு நடுவே தம் கிட்டாரின் ஒலி எடுபடாமல் போவதைப் பொறுக்காமல், தந்திகளைச் சுற்றிக் குதிரை லாட வடிவக் காந்தங்களையும் அடியில் ஒரு கம்பிச்சுருளையும் அமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காந்தம் எஃகுத் தந்தியையும் சிறிது காந்தமாக்குகிறது. காந்தமான தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலுக்கு மேல் இதில் ஒன்றும் கிடையாது. பிற்பாடு வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் ஒரு பிக்கப்பில் 0.06 மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள செப்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டிருக்கும். நைலான் தந்தியைப் போட்டு எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் அதற்குக் கேளாது. தந்திகளில் எஃகின் அசைவு ஒன்றே அதற்குத் தெரியும்.

ஒலியைக் காற்றுக்கு ஊட்டும் பொறுப்பு மரத்தை விட்டு மின்சாரத்துக்குப் போன பிறகு, வாத்தியத்துக்கு உள்ளீடற்ற வயிறு வேண்டியதில்லை என்றாயிற்று. கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர், தாம் கிட்டார் வாசிக்கத் தெரியாதவராயிருந்தும், கனத்த மரப்பலகையில் கழுத்தைத் திருகாணிகளால் முடுக்கி, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளக்கூடிய வாத்தியத்தை 1950-ஐ ஒட்டி உருவாக்கினார். டெலிகாஸ்டரும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அந்த எண்ணத்தின் பலன்கள். இன்று பூஜிக்கப்படும் அந்த வாத்தியங்கள் பிறவியிலேயே சிக்கனத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதை மலிவுக் கிட்டார் வாங்குகிறவர்கள் நினைவில் வைக்கலாம். எந்த மரத்தில் செய்தால் நாதம் சிறக்கும் என்று ரசிகர்களிடையே ஓயாத வாதம் நடந்து வருகிறது. கனமரக் கிட்டாரைப் பொறுத்தவரை, பிக்கப், அது இருக்கும் இடம், தந்தி, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்குப் பின்னால்தான் மரம் வர வேண்டும் என்பது என் முடிவு. இடத்தின் முக்கியத்துவத்துக்கு ஓர் உதாரணம்: ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அதிரும் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர், கழுத்தோரப் பிக்கப் அந்த நீளத்தின் கால் பாகத்தில், தந்திகளை உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 162 மில்லிமீட்டரில் இருக்கிறது. வெறும் தந்தியை மீட்டும்போது அதன் நான்காவது சீரிசைக்கு, அதாவது அடிப்படை ஸ்வரத்தைப்போல் நான்கு மடங்கு வேகமாக அதிரும் துணை ஸ்வரத்துக்கு, அந்த இடம் அசைவற்ற கணு. ஆகவே அந்தச் சீரிசை அந்தப் பிக்கப்புக்கு ஏறக்குறைய கேட்பதே இல்லை, நாதம் உருண்டையாகவும் மென்மையாகவும் வருகிறது. பிரிட்ஜோரப் பிக்கப்போ மேல் சீரிசைகள் பலவற்றை அள்ளிக்கொண்டு கூர்மையாகப் பேசுகிறது.

இவ்விரு கருவிகளின் உறவை நேரில் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பரீட்சை சொல்கிறேன். முள் உள்ள மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றை எடுத்து, ஒலிபெருக்கியோடு இணைத்த கிட்டாரின் பிக்கப்புக்கு மேலே, தந்திகளைத் தொடாமல், மெல்ல நெருக்கிக் கொண்டுபோக வேண்டும். ஒரு குறிப்பிட்ட நிலையில் ஒலிபெருக்கியிலிருந்து விநாடிக்கு ஒன்றாக 'டொக், டொக்' என்ற ஓசை தெளிவாகக் கேட்கும். கடிகாரத்தின் உள்ளே விநாடி முள்ளை நகர்த்துவது, பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லவே வகுத்த ஒரு சின்னஞ்சிறு மோட்டார்: பிக்கப்பின் கம்பியினும் மெல்லிய கம்பியால் சுற்றிய ஒரு சுருள், மிளகினும் சிறிய ஒரு காந்தம். ஒவ்வொரு விநாடியும் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பாகத்துக்கும் குறைந்த நேரம் மின்சாரம் பாய, காந்தம் அரைச்சுற்றுத் திரும்புகிறது. அப்பொழுது வெளியே கசியும் காந்தப் புலத்தைப் பிக்கப் ஒரு தந்தியின் அசைவாகவே பாவித்து ஏற்றுக்கொள்கிறது. கடிகாரத்தைச் சற்றுத் திருப்பினால் ஓசை மங்கும், மறுபடியும் திருப்பினால் ஓங்கும். சுருளின் அச்சு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இப்படி ஒத்துப்போகும் இந்த இரு கருவிகளும் துல்லியம் என்ற விஷயத்தில் மட்டும் வெகு தூரம் விலகி நிற்கின்றன. சங்கீதத்தில் அரைச்சுரத்தை 100 பாகமாக்கி ஒரு பாகத்தைச் சென்ட் என்பார்கள். பழகிய காதுக்கு ஏறக்குறைய 5 சென்ட் வித்தியாசம் புலப்படும். அதிர்வெண்ணில் அது 0.29 சதவிகிதம். அந்த அளவு பிசகும் கடிகாரம் ஒரு நாளில் 250 விநாடி, அதாவது நான்கு நிமிஷத்துக்கு மேல், பிசகிவிடும். அதை ஒருவரும் கட்டிக்கொள்ளமாட்டார்கள். எதிர்ப்புறமாகப் பார்த்தால், நாளுக்கு 30 விநாடி முந்தும் கடிகாரத்தின் பிழை ஒரு சென்ட்டுக்கும் குறைவு. கிட்டார் அந்த அளவு சுருதி சேர்ந்திருந்தால் எந்தக் காதும் குறை சொல்லாது. பிழை காலத்தில் சேர்ந்துகொண்டே போகிறது, நாதத்தில் அந்தந்தக் கணத்தோடு கழிந்துவிடுகிறது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சுருதி பார்க்கும் கருவியைக் கிட்டாரின் தலையில் கவ்வவிடும்போது, அதனுள் இருக்கும், அழுத்தத்தை மின்னேற்றமாக்கும் பீசோ தகடு மரத்தின் அதிர்வை உணர, ஒரு குவார்ட்ஸ் படிகம் அந்த அதிர்வை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. வாட்ச் ரிப்பேர்க்காரரின் மேஜை மேலுள்ள சோதனைக் கருவியிலும் கடிகாரத்தைக் கவ்விப் பிடித்து அதன் துடிப்பைக் கேட்பது அதே போன்ற பீசோ தகடுதான்.

கிட்டார் மலிவானதற்கும் கடிகாரத்தின் கதையை ஒத்த காரணமே உண்டு. வின்சென்சோவின் 18 என்ற எண் கைக்கு அடக்கமானதாயினும் முற்றிலும் சரியன்று. ஸ்தாயியை 12 சம பாகங்களாக்குவதற்கு வேண்டிய எண் 17.817. 648 மில்லிமீட்டர்த் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 324 மில்லிமீட்டரில், விழ வேண்டும். 18-ஐக் கொண்டு கணக்கிட்டால் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தவறிவிடும். முன்பு தேர்ந்த தச்சனின் கையை நம்பியிருந்த இந்த இடநிர்ணயத்தைக் கணினி நடத்தும் வெட்டு இயந்திரங்கள் ஏற்ற பிறகு, இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் செய்யப்படும் யமஹா பசிஃபிகா, ஸ்குவையர் போன்ற வாத்தியங்களின் மெட்டு வரிசைக்கும் பத்து மடங்கு விலையுள்ளவற்றின் மெட்டு வரிசைக்கும் கண்டறியத்தக்க பேதம் இல்லாமற் போயிற்று. பிக்கப்பின் பயன் மேனாட்டுச் சங்கீதத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் காலத்தில் மாண்டலின் வித்துவான் யு. ஸ்ரீநிவாஸ் சாட்சியாக இருந்தார்: இரட்டைத் தந்திகளோடு சட்டென்று ஒலி ஓய்ந்துவிடும் மாண்டலினை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்சார மாண்டலினை அவர் கையிலெடுத்ததனால் நீண்டு நின்ற அந்த நாதத்தில்தான் கமகங்களுக்கு இடம் கிடைத்தது.

வெயில் கடிகாரம், கிட்டார் இரண்டையும் தாழ்த்தும். கவை வடிவக் குவார்ட்ஸ் ஏறக்குறைய 25 டிகிரி வெப்பத்தில் மிக வேகமாக அதிரும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் தாமதிக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் முழுதும் கிடக்கும் கடிகாரம் மூன்று விநாடிக்கு மேல் இழக்கக்கூடும். கையிலே கட்டியிருந்தால் உடம்பின் மிதமான சூடு அதைக் காப்பாற்றும். எஃகுத் தந்தியும் சூட்டில் நீண்டு, இழுவிசை குறைந்து, சுருதி இறங்கும். சாவி கொடுக்கும் கடிகாரத்தை ஒலிபெருக்கியின் மேல் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும்: அதன் காந்தத்தினால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி, கடிகாரம் நாளுக்குப் பல நிமிஷங்கள் முந்தி ஓடும். காந்தம் நீக்கும் சிறு கருவி சில கணங்களில் இதைச் சரிசெய்துவிடும்.

பணம் கூடினால் கிடைப்பவை எவை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கடிகாரத்தில் கீறல் விழாத நீலக்கல் கண்ணாடி, நன்றாக மெருகிட்ட உறை, நீர் புகாமைக்கு மேலான உத்தரவாதம் ஆகியவை கிடைக்கும். மலிவான கடிகாரத்தின் முதுகில் 30 மீட்டர் என்று பொறித்திருந்தால், அதைக் கைகழுவும் நீருக்கும் மழைத் துளிக்கும் மட்டும் போதுமென்று கொள்வது நலம். கிட்டாரில் முறுக்காணிகளின் திடம், மெட்டு முனைகளின் வழவழப்பு, தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளங்களின் ஆழம் ஆகிய இவையே விலைக்கேற்ப வேறுபடும். இவற்றில் முறுக்காணியை மாற்றிவிடலாம். மற்ற இரண்டையும் சிறு அரமும் பொறுமையும் சரிசெய்துவிடும். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுப்பதனால் கழுத்து வளையக்கூடும். அதற்காகவே உள்ளே ஓர் எஃகுக் கம்பி வைத்து, திருகி நிமிர்த்த வழி செய்திருக்கிறார்கள்.

மலிவான கிட்டாரைச் சீர்படுத்துவதில் கடைசியாகச் செய்ய வேண்டியது, பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு உலோகத் துண்டை அதனதன் இடத்தில் நிறுத்துவது. தந்தியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது சிறிது இழுபடுவதனால் ஸ்வரம் கணக்குக்கு மேலே உயர்ந்துவிடும். தந்தி தடிக்கத் தடிக்க இந்தப் பிசகு பெரும்பாலும் அதிகம். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே விரலால் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் மணி போன்ற சீரிசையையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஸ்வரத்தையும் சுருதிக் கருவியில் ஒப்பிட்டு, அழுத்திய ஸ்வரம் உயர்ந்திருந்தால் அந்தத் துண்டின் திருகாணியைத் திருகித் தந்தியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். தாழ்ந்திருந்தால் குறைக்க வேண்டும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் தந்தியை மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வேறு தடிமனுள்ள தந்திகளை மாட்டும் போதெல்லாம் ஆறு தந்திகளுக்கும் இந்த வேலையைப் புதிதாகச் செய்தாக வேண்டும்.